கடல் இழுத்தால் மிதப்பதா, பக்கவாட்டில் நீந்துவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அலை பெரிதாக இல்லாத ஒரு நாளில் இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறீர்கள். நீர் முதலில் உங்களைப் பக்கவாட்டில் தள்ளியது, அப்புறம் கடல் பக்கமாக இழுத்தது, எப்படியோ கரையேறிவிட்டீர்கள். பிறகு விசாரித்தபோது ஒருவர் "கரைக்கு இணையாக நீந்தணும்" என்றார், இன்னொருவர் "நீந்தவே கூடாது, மிதந்துகொண்டிருக்கணும்" என்றார். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். கூடவே, போகிற போக்கில், "கடல் ஆளை அடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்களே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பயம் தீராமல் மற்ற இரண்டு அறிவுரைகளையும் நீரில் இருக்கும்போது யாராலும் பின்பற்ற முடியாது.

நான் கரையோரப் பொறியியல் படித்தவன். அலை உடையும் பகுதியில் நீர் எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பது பல வருடங்களாக என் வேலை. உயிர்காப்பாளர் பயிற்சி பெற்றவன் இல்லை. அதனால் நீரைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஒருவரை மீட்கும் முறை பற்றிச் சொல்லும் இடங்களில், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நேரடியாகச் சொன்னால், மணற்கரையில் நீங்கள் உணர்ந்த அந்த இழுப்பு யாரையும் கடலடிக்கு இழுத்துச் செல்வதில்லை. கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ஆள் மூழ்குவது அதற்கப்புறம் நடப்பது: எதிர்த்து நீந்திக் களைத்துப்போவது, உடையும் அலை தலைமேல் விழும் நேரத்தில் மூச்சை இழுத்துவிடுவது, கால் தரையில் படவில்லை என்றதும் பதறுவது. நீச்சல் தெரியாதவருக்கு இவையெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது "கடல் உள்ளே இழுத்தது" என்றுதான் தெரியும். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் காரணம் வேறு.

அடிக்கு இழுப்பதாகத் தோன்றுவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, கரையில் ஏறிய நீர் சரிவில் திரும்பி ஓடுவது. செங்குத்தான கரையில் இது காலுக்கு அடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு ஆளையே சாய்த்துவிடும். சாய்ந்தவர் மேல் அடுத்த அலை விழும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இழுப்பு சில வினாடிகள்தான், அடுத்த அலை வந்ததும் முடிந்துவிடும், ஆளையும் பெரும்பாலும் கரைப்பக்கமே தள்ளும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது உண்மையான ஆபத்து. கழுத்து, தோள்பட்டைக் காயங்கள் பல இப்படி வருகின்றன. இன்னொன்று, அலை உடையும் இடமெங்கும் தரையை ஒட்டி மெதுவாகக் கடல்நோக்கிப் போகும் அடியோட்டம். அலை மேற்புறமாகக் கொண்டுவரும் நீரில் ஒரு பங்கு இப்படிக் கீழ்வழியாகத் திரும்புகிறது. காலில் உணரலாம், ஆனால் ஆளை வெகுதூரம் கொண்டுபோகும் வலு அதற்குப் பொதுவாக இல்லை. உங்களுக்கு நடந்தது இந்த இரண்டும் அல்ல என்று நினைக்கிறேன். முதலில் பக்கவாட்டில், பிறகு கடல்நோக்கி என்று நீங்கள் சொன்ன அந்த வரிசைதான் ரிப் கரண்ட் எனப்படும் இழுப்பு நீரோட்டத்தின் அடையாளம்.

அது உருவாகும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் எங்கே நிற்கக்கூடாது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். ஆழ்கடலில் அலை நகரும்போது நீர் அதனுடன் பயணம் செய்வதில்லை. ஏறக்குறைய ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும், மிகச் சிறிய அளவே முன்னே நகரும். ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் சுமார் முக்கால் பங்கை எட்டும்போது உடைகிறது (கரையின் சரிவைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும்). அதுவரை அலை சுமந்துவந்த உந்தம் முழுக்க அங்கே நீரின் மேல் இறங்குகிறது. நீர் கரையை நோக்கித் தள்ளப்பட்டு, கரையோரத்தில் சராசரி நீர்மட்டமே சற்று உயர்ந்து நிற்கிறது. இதன் கணிதத்தை 1960களில் மைக்கேல் லாங்கெட்-ஹிக்கின்ஸும் ராபர்ட் ஸ்டீவர்ட்டும் தெளிவாக்கினார்கள். தோராயமாக, 1 மீட்டர் உயர அலை உடைந்தால் கரையோரத்தில் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை மட்டம் உயரலாம்.

கரை நெடுக அலை ஒரே மாதிரி உடைந்தால் இந்த உயர்வும் ஒரே மாதிரி இருக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் கடலடி மணல் அப்படி ஒழுங்காகக் கிடப்பதில்லை. கரைக்குச் சற்று வெளியே ஒரு மணல்திட்டு கரைக்கு இணையாக ஓடும், இடையிடையே அது அறுபட்டு வாய்க்கால் போல ஆழமாக இருக்கும். திட்டின் மேல் ஆழம் குறைவு, அலை நன்றாக உடைகிறது, அதற்குப் பின்னால் மட்டம் அதிகம் உயர்கிறது. வாய்க்காலில் ஆழம் அதிகம், அலை சரியாக உடையாது, மட்டம் அவ்வளவாக உயர்வதில்லை. மொட்டைமாடியில் தேங்கிய மழைநீர் வடிகுழாயின் வாயைத் தேடி ஓடுவது போல, உயர்ந்த இடத்து நீர் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி அந்த வாய்க்காலை அடைந்து, அங்கே திரும்பிக் கடலுக்குள் போகிறது. உங்களை முதலில் பக்கவாட்டில் தள்ளியது அந்த ஊட்டும் ஓட்டம். கடல்நோக்கி இழுத்தது வாய்க்கால்.

உயர வேறுபாடு மிகச் சிறியது, அதற்கு இவ்வளவு வலுவா என்று தோன்றலாம். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 5 சென்டிமீட்டர் மட்ட வேறுபாடு மட்டுமே நீரை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகப் போதும். உண்மையில் தரையின் உராய்வும் எதிரே வரும் அலைகளும் அதைக் குறைக்கின்றன. அளவிடப்பட்ட ரிப் ஓட்டங்கள் பல வினாடிக்கு அரை மீட்டரை ஒட்டி இருக்கின்றன. சில நேரம் 1 மீட்டரைத் தாண்டும், எப்போதாவது 2 மீட்டரையும் தொடும். ஒப்பிட்டுப் பார்க்க, உலகத்தரக் குறுந்தூர வீரர்கள் 50 மீட்டரை ஏறத்தாழ 21 வினாடியில் நீந்துகிறார்கள், அதாவது வினாடிக்கு 2.4 மீட்டர். அதுவும் குளத்தில், அரை நிமிடத்துக்கும் குறைவாக. சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் அலைக்கு நடுவே வினாடிக்கு 1 மீட்டரைப் பிடித்து வைத்திருப்பதே கடினம். எதிர்த்து நீந்தாதே என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வதற்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை.

நின்ற இடத்திலேயே கால் ஏன் பிடிமானம் இழந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் எடையில் ஏறக்குறைய பாதிதான் தரையில் இறங்கும், மார்பளவில் அது இன்னும் குறைந்து மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிடும். 70 கிலோ எடையுள்ளவர் மார்பளவு நீரில் தரையை அழுத்துவது 20 கிலோவைச் சற்று ஒட்டித்தான். மணலில் கால் தாங்கும் உராய்வு அதிலும் பாதி அளவே என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 1 மீட்டர் ஓடும் நீர் அந்த உடல்பரப்பின் மேல் கொடுக்கும் தள்ளல் தோராயமாக 20 கிலோ எடைக்குச் சமம். கால் நிற்காது. ஓட்டம் அரை மீட்டராகக் குறைந்தால் அந்தத் தள்ளல் நான்கில் ஒன்றாகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. முழங்கால் ஆழத்தில் ஒன்றும் தெரியாமல், இன்னும் நாலு அடி உள்ளே போனதும் திடீரென்று பிடி விடுவது இதனால்தான். எடை குறைவதும், நீர் தள்ளும் பரப்பு கூடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"அலையே பெரிதாக இல்லையே" என்று எழுதியிருந்தீர்கள். இது பலரையும் ஏமாற்றும் இடம். பெரிய அலை அடிக்கும் நாளில் பெரும்பாலோர் நீரில் இறங்குவதே இல்லை. அரை மீட்டர், ஒரு மீட்டர் அலை இருக்கும் வெயில் நாளில்தான் கூட்டம் இறங்கும். அந்த அலையே ஒரு வாய்க்காலை ஓட்டப் போதும். அதோடு, காற்றே இல்லாத நாளில் வரும் அலை பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சில நாட்களுக்கு முன் வீசிய புயலில் பிறந்ததாக இருக்கலாம். உயரம் குறைவு, ஆனால் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் அதிகம். இப்படி நீண்டு வரும் அலைகள் உயரத்தை வைத்துப் பார்த்தால் தெரிவதைவிட அதிக ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவருகின்றன.

இன்னும் மோசமான ஏமாற்று, ரிப் இருக்கும் இடம் அமைதியாகத் தெரிவது. இருபக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருமையாக, சலசலப்புக் குறைந்து கிடக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருபவர் அலை இல்லாத இடம் என்று அதைத்தான் தேர்ந்தெடுப்பார். அது நுரையில்லாமல் இருப்பதற்குக் காரணம் ஆழம், ஆழம் இருப்பதால்தான் நீர் அந்த வழியாக வெளியேறுகிறது. நுரைத் துண்டோ பாசியோ அங்கே கடல்நோக்கி நகர்வதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். கலங்கிய மணல் நீர் உடையும் வரிசையைத் தாண்டி வெளியே விரிவதும் நல்ல அடையாளம். ஆனால் கருமையாகத் தெரிவதெல்லாம் ரிப் அல்ல. பாறை, கடற்புல், மேகத்தின் நிழல்கூட அப்படித் தெரியும். சூரியன் எதிரே இருந்தால் அனுபவசாலிக்கும் தெரியாது. நீர்மட்டத்தில் நின்று பார்ப்பதைவிட உயரமான இடத்திலிருந்து பார்ப்பது பல மடங்கு மேல். அதுவும் ஒரு நிமிடப் பார்வை போதாது, பத்து நிமிடமாவது பார்க்கவேண்டும்.

ஏன் பத்து நிமிடம் என்றால், இந்த ஓட்டம் நிலையாக ஓடுவதில்லை. அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள், பிறகு ஒரு ஓய்வு. இரண்டு வெவ்வேறு நீளமுள்ள அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இப்படி ஆகிறது. ஏழாவது அலைதான் பெரியது என்பது போன்ற நம்பிக்கைகளுக்குள் இருக்கும் உண்மை இதுதான், எண்ணிக்கைக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது. பெரிய கூட்டம் வந்து நீரைக் கரையில் குவித்ததும் ரிப் திடீரென்று வேகமெடுக்கும், அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரையிலான கால இடைவெளிகளில் ஏறி இறங்கும். "இவ்வளவு நேரம் ஒன்றும் இல்லை, திடீரென்று இழுத்தது" என்று தப்பி வந்தவர்கள் சொல்வது மிகச்சரி.

ஓதத்துக்கும், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி வற்றுவதற்கும், இதில் பங்கு உண்டு. மணல்திட்டு உள்ள கரைகளில், நீர் வற்றிய நேரத்தை ஒட்டித் திட்டின் மேல் ஆழம் மிகக் குறைந்து, அலை அங்கே பலமாக உடைந்து, திரும்பும் நீர் முழுக்க வாய்க்காலுக்குள் ஒடுங்குவதால் இழுப்பு கூடுவது வழக்கம். ஆனால் இதைப் பொது விதியாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஒரே கரையில் ஒரு திட்டு வற்றும்போது ஆபத்தாகவும், அதற்கு உள்ளே இருக்கும் இன்னொன்று நீர் ஏறும்போது ஆபத்தாகவும் இருக்கலாம். ஓதம் ரிப்பை உண்டாக்குவதில்லை, ஏற்றி இறக்கிவிடுகிறது. வட அமெரிக்காவின் பேரேரிகளில் சொல்லும்படியான ஓதமே கிடையாது, ஆனாலும் அங்கே ரிப் ஓட்டத்தில் ஆட்கள் இறக்கிறார்கள். அலை உடைந்தால் போதும்.

சரி, மிதப்பதா நீந்துவதா. இந்த இரண்டு அறிவுரைகளும் இரண்டு வெவ்வேறு காலத்தில் நீரை அளந்ததில் இருந்து வந்தவை. 1936இல் பிரான்சிஸ் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கக் கடல்நிலவியலாளர் இந்த ஓட்டத்தை அடியோட்டத்திலிருந்தும் ஓத ஓட்டத்திலிருந்தும் பிரித்துக்காட்டி எழுதினார். 1941இல் அவரும் எமரி, லாஃபாண்ட் என்ற இருவரும் சேர்ந்து கலிபோர்னியக் கரையில் பார்த்ததை விரிவாக விவரித்தார்கள்: கரையோரம் ஊட்டும் ஓட்டம், ஒடுங்கிய கழுத்து, உடையும் வரிசைக்கு வெளியே விரிந்து வலுவிழக்கும் தலை. நீரில் சாயம் ஊற்றிப் பார்த்தாலும் இதே காட்சிதான் கிடைக்கும். பச்சைச் சாயம் ஒரு நாக்கு போல வெளியே நீண்டு, காளான் வடிவில் விரியும். இந்தப் படத்தை நம்பினால் அறிவுரை தானாக வருகிறது. கழுத்து ஒடுக்கமானது, பெரும்பாலும் சில பத்து மீட்டர் அகலம்தான், ஆகவே பக்கவாட்டில் நீந்து, வெளியே வந்துவிடுவாய்.

2010இல் ஜேமி மக்மஹனும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்தப் படத்தைக் கொஞ்சம் அசைத்தது. கலிபோர்னியா, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களின் கரைகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய மிதவைகளை ரிப்பில் விட்டார்கள். 80 முதல் 90 சதவீதம் மிதவைகள் வெளியே போகவே இல்லை. வாய்க்கால் வழியாகக் கடல்நோக்கிப் போய், உடையும் வரிசைக்கு அருகே பக்கவாட்டில் திரும்பி, திட்டின் மேல் அலையோடு கரைப்பக்கம் வந்து, மீண்டும் வாய்க்காலுக்குள் நுழைந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டே இருந்தன. அப்படியென்றால் சும்மா மிதந்தாலே நீர் உங்களைத் திட்டின் மேல், கால் எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து விடக்கூடும். பக்கவாட்டில் நீந்தினாலோ, அந்தச் சுழற்சியில் நீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் தவறான பக்கம் தேர்ந்தெடுத்தால், இன்னொரு ஓட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டிவரும். "மிதந்துகொண்டிரு" என்ற அறிவுரைக்கு வலு சேர்த்தது இந்த ஆய்வு.

அத்தோடு முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் மிதவைகளோடு நிற்காமல், பாதுகாப்பு ஏற்பாட்டுடன் நீச்சல் தெரிந்த மனிதர்களையே ரிப்பில் இறக்கி இரண்டு முறைகளையும் சோதித்தார்கள். சிலர் மிதந்து விரைவாகக் கரைப்பக்கம் வந்தார்கள், சிலரை நீர் வெளியே கொண்டுபோனது. பக்கவாட்டில் நீந்தியவர்களில் பலர் சீக்கிரம் தப்பினார்கள், சிலர் மாட்டிக்கொண்டார்கள். எல்லா ரிப்பிலும், எல்லா நேரத்திலும் வெல்லும் ஒரே முறை என்று எதுவும் கிடைக்கவில்லை. இன்று இத்துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் நிலை இதுதான். ஆக உங்களுக்குச் சொன்ன இருவரும் பாதி சரி. ஒரு சாயமும் ஒரு மிதவையும் ஒரே நீரில் ஏன் வேறு வேறு கதை சொல்கின்றன என்பதைப் பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. வெளியேறும் பங்கு கரைக்குக் கரை, நாளுக்கு நாள் மாறுகிறது.

நான் இரண்டையும் வரிசையாகத்தான் பார்க்கிறேன், போட்டியாகப் பார்ப்பதில்லை. முதலில் கால் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீந்தவே வேண்டாம், திட்டு இருக்கும் பக்கமாக, அதாவது நுரை அதிகம் தெரியும் பக்கமாக நடங்கள். ஒவ்வொரு அலை கரைப்பக்கம் தள்ளும்போதும் நாலு எட்டு வையுங்கள், நீர் திரும்பும்போது காலை ஊன்றி நில்லுங்கள். கால் எட்டவில்லை என்றால் மிதங்கள். மல்லாந்து, காது நீரில் அமிழும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு சீராகும்வரை கையால் லேசாகத் துழாவிக்கொண்டிருந்தால் போதும். கால் தாழ்ந்தாலும் பரவாயில்லை. கடல்நீர் நன்னீரைவிட இரண்டு மூன்று சதவீதம் அடர்த்தியானது, நுரையீரலில் காற்று இருக்கும்வரை பெரும்பாலோரை முகம் வெளியே தெரியும்படி தாங்கும். குளிர்ந்த நீரில் இது இன்னும் முக்கியம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், அந்த நேரத்தில் நீந்த முயல்பவர்தான் நீரைக் குடிப்பார். மிதந்தபடியே ஒரு கையை உயர்த்தி அசையுங்கள், கத்துங்கள்.

மூச்சு அடங்கியதும் சுற்றிப் பாருங்கள். கரையில் ஏதாவது ஒன்றைக் குறிவைத்து, நீர் உங்களை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று கவனியுங்கள். பக்கத்தில் அலை உடையும் இடம் தெரிந்து, தெம்பும் இருந்தால் அந்தப் பக்கம் நீந்துங்கள். அங்கே ஆழம் குறைவு, அலையும் கரைப்பக்கம் தள்ளும். சிறிது நேரம் நீந்தியும் நகரவில்லை என்றால், நிறுத்தி மறுபக்கம் முயலுங்கள், அல்லது திரும்பவும் மிதங்கள். உடையும் வரிசைக்கு வெளியே போய்விட்டீர்கள் என்றால் பெரும்பாலும் இழுப்பு முடிந்துவிட்டது என்று பொருள். அங்கே அலை தலைமேல் உடையாது, மிதப்பது உள்ளே இருப்பதைவிட எளிது. அப்புறம் ரிப்பை விலகி, சாய்வாகக் கரைக்கு வரலாம், அல்லது உதவி வரும்வரை காத்திருக்கலாம். நீச்சலே தெரியாதவருக்கு இதெல்லாம் காகிதத்தில் எழுதிய அறிவுரைதான். கடலில் மிதக்க ஒருமுறையும் பழகாதவர் பதற்றத்தின் நடுவே அதைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அவர் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே நேர்மையான பதில்.

மிதப்பதை மட்டும் நம்பக்கூடாத இடங்களும் உண்டு. பாறைமுனை, தூண்டில் வளைவு (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்), துறைமுகத் தடுப்புச்சுவர் ஆகியவற்றை ஒட்டி ஓடும் ரிப் வேறு வகை. கரையை ஒட்டி வரும் நீர் அந்தத் தடுப்பில் மோதித் திரும்பி நேராக வெளியே போகிறது. இங்கே சுற்றிக் கரைக்கு வருவது குறைவு, வெளியே வெகுதூரம் போவது அதிகம். மணல் வாய்க்கால்கள் வாரங்களில் இடம் மாறும், மறையும். தடுப்பை ஒட்டிய இந்த ரிப் அநேகமாக எப்போதும் அதே இடத்தில் இருக்கும். ஆற்று முகத்துவாரத்திலும் கழிமுகத்திலும் நீர் வற்றும்போது வெளியே பாயும் ஓட்டமோ ரிப்பே இல்லை. அது ஓதத்தால் ஓடுவது, மணிக்கணக்கில் ஓயாமல் ஓடும், அலையே இல்லாவிட்டாலும் இழுக்கும். அங்கே குளிக்கவே வேண்டாம் என்பேன். இவை தவிர, வாய்க்கால் எதுவும் இல்லாத சமமான கரையிலும் உடைந்த அலைகளின் ஒழுங்கின்மையால் திடீரென்று தோன்றி சில நிமிடங்களில் மறையும் ரிப்களும் உள்ளன. இவற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்க எந்த அடையாளமும் கிடையாது.

கரையில் நிற்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். இழுபட்டவரைக் காப்பாற்றக் குதித்தவர் இறந்து, இழுபட்டவர் பிழைத்துவிடுவது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது. பெரும்பாலும் அது தந்தையோ, உடன்பிறந்தவரோ, நண்பரோதான். மீட்புப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் வலியுறுத்துவது, வெறுங்கையோடு இறங்காதே என்பது. முதலில் உயிர்காப்பாளரையோ அவசர உதவியையோ கூப்பிடுங்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள்: பந்து, மூடிய பெரிய பிளாஸ்டிக் கேன், காற்றடைத்த எதுவும். "மிதந்துகொண்டிரு" என்று கத்துங்கள், கண்ணை அவர்மேலிருந்து எடுக்காதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், உங்களையும் அவரையும் தாங்கும் ஒன்றோடு இறங்குங்கள்.

இதன் அளவு எவ்வளவு என்று புரிந்துகொள்ள ஒரு எண்ணிக்கை: ஆஸ்திரேலியாவில் ரிப் ஓட்டங்களால் வருடத்துக்குச் சராசரியாக 21 பேர் இறப்பதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே சுறா, வெள்ளம், சூறாவளி, காட்டுத்தீ ஆகியவற்றால் ஆண்டுச் சராசரியில் இறப்பவர்களின் கூட்டுத்தொகையைவிட அது அதிகம். உயிர்காப்பாளர்கள் நிறைந்த நாடு அது. பல நாடுகளில் கடலில் இறந்தவர் ரிப்பால் இறந்தாரா என்று பதிவு செய்யும் வழக்கமே இல்லை, "நீரில் மூழ்கி" என்றுதான் எழுதுவார்கள். ஆகவே உலக அளவில் இத்தனை பேர் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

கடைசியாக, முன்னறிவிப்பை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் 2021 முதல் மணிவாரியாக ரிப் அபாயத்தைக் கணிக்கும் ஒரு மாதிரியை இயக்குகிறது. அலையின் உயரம், இடைவெளி, வரும் திசை, நீர்மட்டம் ஆகியவற்றை வைத்து, ஒரு நீண்ட கரைப்பகுதியில் ரிப் உருவாகும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். எந்த நாளில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல துணை. உங்கள் காலடிக்கு நேராக வாய்க்கால் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் அந்த வாய்க்காலின் வடிவம் போன வார அலையில் மாறியிருக்கும், அதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அன்றாடம் அந்தக் கரையில் நிற்கும் உயிர்காப்பாளருக்கு அது தெரியும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், இடைப்பட்ட பகுதியை அவர் கண்காணிக்கிறார் என்று அர்த்தம். நீரின் நிலை மாறினால் கொடியும் இடம் மாறும், நீரில் இருக்கும்போது அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடியும் இல்லை, ஆளும் இல்லை என்றால், இறங்குமுன் ஒரு தேங்காய் மட்டையையோ பாசித் துண்டையோ நீரில் எறிந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். நாங்கள் கருவி கொண்டு செய்வதும் கிட்டத்தட்ட அதேதான், ஜிபிஎஸ் மட்டும் கூடுதல்.